இன்று நூற்றுக்கு எத்தனை

என் கணவர் இன்று என்னை அடிப்பாரா மாட்டாரா என்று காலையிலேயே கணித்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு மூன்று வருடம் இருந்தது. அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண். பொழுது சாய்ந்து வீடு அடங்கியதும், நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் ஒரு குறி. இவளுக்கென்ன பைத்தியமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவள். அண்ணாமலை நகரில் வாடகை வீடு. கணவர் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவர். டவுனில் சின்ன ஆபீஸ், ஊரெல்லாம் நல்ல பெயர். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவார். "தங்கமான மனுஷன்" என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் இல்லை. அந்தத் தங்கத்தின் கை என் தாடையில் எத்தனை முறை இறங்கியது என்பது எங்கள் மகளுக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல, நாக்கு பழகிவிட்டது.

எதிர்பாராத அடிதான் கொடுமை. வருவது தெரிந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம். வளையல் உடைந்து கையில் ஏறாமல் இருக்க வளையலைக் கழற்றலாம். பல்லைக் கடித்துக்கொள்ளலாம், நாக்கு அறுபடாது. மகளை உள் அறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். இதற்காகத்தான் கணிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தது இதற்காகத்தான் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். பிறகு அது வேறு எதுவாகவோ ஆகிப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தினசரி காலண்டர் தாளில் எழுதினேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். ராசிக்கு ஒரு சொல் போட்டிருப்பார்கள் இல்லையா, லாபம், கவலை, சுகம் என்று? அவர் ராசிக்கு நேரே பென்சிலால் பொடியாக ஓர் எண் எழுதுவேன். 'சுகம்' பக்கத்தில் 70. அதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம். ஆனால் தாளைக் கிழிப்பது அவர் வேலை. குளித்து, திருநீறு பூசி, ராசிபலன் படித்து, முந்தின நாளைக் கிழித்துக் கசக்கிப் போடுவார். ஒரு நாள் எண்ணைப் பார்த்துவிட்டார். "என்னா இது எழுபது?" என்றார். ஒரு மாணவியின் மார்க் என்றேன். நம்பினார். ஆனால் நாளொன்று கிழியும்போதெல்லாம் என் கணக்கும் சேர்ந்து குப்பைக்குப் போவதை அன்றுதான் உணர்ந்தேன். எத்தனை முறை சரியாகச் சொன்னேன் என்று திரும்பிப் பார்க்க வழியில்லாவிட்டால் அது கணிப்பே இல்லை, வெறும் பயம்.

அடுத்தது செல்போன். இதற்கென்றே ஒரு ஆப் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. தேர்தல், மழை, உடம்பு எடை என்று எதை வேண்டுமானாலும் கணித்துப் போடலாம், எத்தனை சரி என்று அதுவே படம் வரைந்து காட்டும். எனக்கு அவ்வளவு பிடித்தது. 'சத்தம்' என்று கேள்விக்குப் பெயர் வைத்தேன். சரியாகப் பதினேழு நாள் ஓடியது. பதினெட்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பாட்டு மேசைமேல் அவர் பக்கமாகக் கிடந்த போன் ஒளிர்ந்தது. 'சத்தம்: நடந்ததா? ஆம், இல்லை' என்று கேட்டது.

"எது நடந்துச்சா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் போன் சுவரில் பட்டுத் தெறித்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை. உள்ளே ஏதோ மடக்கென்றது. 'எவன்கிட்ட என்னா நடந்துச்சு' என்பதுதான் அவர் கேள்வி. அன்று காலை நான் போட்டிருந்த எண் வெறும் 30. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தபோது வலியைவிட அந்த முப்பதுதான் என்னை உறுத்தியது. இப்படித் தப்பாகிவிட்டதே என்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாவது, கல்லூரிக் கம்ப்யூட்டரில் எக்செல் தாள். இங்கேதான் நான் ஒழுங்காகப் பிழை கணக்கிட ஆரம்பித்தேன். கணக்கு எளிது. 80 என்று சொல்லி அது நடந்தால் பிழை இருபது. நடக்காவிட்டால் பிழை எண்பது. அந்தப் பிழையை அதாலேயே பெருக்கிக்கொண்டால் பெரிய தப்புக்குப் பெரிய தண்டனை கிடைக்கும். மாதக் கடைசியில் சராசரி. வெயில், கரண்ட் கட், ஆபீசில் யாராவது முகத்தில் அடித்தாற்போல் பேசியது, கிரிக்கெட் தோல்வி, அவர் அக்கா போன் செய்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. சராசரி மாதாமாதம் இறங்கியது. தோசை கல்லிலிருந்து கிழியாமல் எழும்பும்போது வருமே ஒரு திருப்தி, அந்தத் திருப்தி எனக்கு.

எங்கள் துறையில் இன்னொரு ஆசிரியை இருந்தாள். லால்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு நாள் என் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டாள். பத்திகளின் பெயரைப் படித்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கே புரிந்துவிட்டது.

"யா அல்லாஹ்! அக்கா, இதுக்கு எதுக்குக்கா கணக்கு? புள்ளையைக் கூட்டிக்கிட்டு கெளம்புங்க."

"இன்னும் டேட்டா பத்தலம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வகுப்பில் யாராவது இப்படிப் பதில் சொன்னால் நான் சாக்பீஸை எறிந்திருப்பேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றாகக் கணிக்கத் தெரிந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மனதார நம்பினேன். கணிக்க முடிந்ததைச் சமாளிக்க முடியும் என்றுதானே இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

எக்செல்லிலும் ஒரு கோளாறு. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி கிடையாது. எங்கள் வீட்டில் அடி மிகுந்த நாளும் ஞாயிறுதான். திங்கள் காலை வந்து ஞாபகத்திலிருந்து எண்ணை நிரப்புவேன். ஒரு திங்கள், உதட்டில் தையலோடு உட்கார்ந்து, ஞாயிறு காலைக்கு 75 என்று அடித்தேன். அடித்துவிட்டு விரல் நின்றது. ஞாயிறு காலை நான் மனதில் போட்டது 40 தானே? நடந்து முடிந்த பிறகு என் புத்தி தானாகவே எண்ணை ஏற்றிக்கொண்டுவிட்டது. மாணவர்கள் விடையைப் பார்த்துச் சோதனை எண்ணைத் திருத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திருத்த முடிகிற எதையும் நம்பக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் ரெக்கார்டு நோட்டு. மாணவர்கள் செய்முறைக்கு வைத்திருப்பார்களே, தைத்துக் கட்டி, பக்க எண் அச்சடித்த கெட்டி அட்டை நோட்டு. பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும். பேனாவால்தான் எழுதுவேன். பழுப்பு அட்டை போட்டு, மேலே இல்லாத ஒரு மாணவியின் பதிவெண்ணை எழுதி, திருத்த வீட்டுக்குக் கொண்டுவரும் நோட்டுக் கட்டில் நடுவில் செருகிவிடுவேன். அந்தக் கட்டை அவர் தொட மாட்டார். "ஒன் குப்பையை எடுத்து ஓரமா வையி" என்பதோடு சரி. காலைக் காபிக்கு முன் எண்ணை எழுதினால், இரண்டாம் எண்ணம் வந்தாலும் மாற்ற முடியாது. மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கருவி அதுதான்.

அந்த நோட்டில் ஒரே ஒரு குறை. சில நாள் எல்லா அறிகுறியும் இருக்கும். 85 போடுவேன், 90 போடுவேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களையில் நிற்பேன். ஒன்றும் நடக்காது. சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அந்த நாட்களுக்கு நேரே 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுவேன். மற்ற பெண்கள் அப்படி ஒரு நாளுக்குச் சாமி கும்பிடுவார்கள். நானோ பிழை ஏறிவிட்டதே என்று பொருமினேன். அந்த நாட்களுக்கு எந்தப் பத்தியும் பொருந்தவில்லை. வெயிலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. என் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இப்போது அந்த ஞாயிறு. முந்தின நாள் ஒரு வீட்டுக்காரர் அவர் போட்ட பிளானை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். காலையில் தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. நான் யோசிக்கவே இல்லை, 90 போட்டேன். சாயங்காலம் ஆறு மணி. கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளின் அறிவியல் நோட்டில் அவர் படம் வரைந்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவும் பெண்ணும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எந்தத் தாய்க்கும் வயிறு குளிர்ந்திருக்கும்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போச்சு, இன்றைக்கும் தப்பு, தொண்ணூறு போட்டிருக்கிறேன் என்று. இந்த மாதச் சராசரி நாசம்.

நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன். கை துடைத்துக்கொண்டே, சாதாரணக் குரலில் சொன்னேன்: "அந்த வூட்டுக்காரர் சொன்னதுல என்னா தப்பு? ஒங்க கோடே இப்பல்லாம் நேரா வர்றதில்ல."

எந்தச் சொல் எங்கே இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. பதினைந்து வருடப் பாடம். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். எழுந்தார். கையில் கிடைத்தது கூடத்து மூலையில் அவர் வரைபலகையிலிருந்த டி-ஸ்கொயர், கோடு போடும் கெட்டி மரச் சட்டம். கண்ணாடியைக் கழற்றக்கூட எனக்கு நேரமில்லை. ஆனால் அடி என்மேல் விழவில்லை. மகள் இடையில் எழுந்து நின்றிருந்தாள். கட்டை அவள் புருவத்துக்கு மேலே பட்டது. தேங்காய் உடைக்கும் சத்தம் மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. கண்ணில் இரத்தம் இறங்க, "அப்பா, வேணாம்பா" என்று சன்னமாகச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் ஓங்கினார். அவள் நிற்பதே அவர் கண்ணில் படவில்லை.

நான் பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன். பிடித்த பிடியை விடவில்லை. அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார், மறுபடி மோதினார், நான் விடவில்லை. அவர் இரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. அவர் அலறிக்கொண்டு கட்டையைக் கீழே போட்ட பிறகுதான் விட்டேன். ஒரு முறையாவது அவரை அலற வைத்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

மகளுக்கு நாலு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரிப் பையும் நோட்டுக் கட்டும் தோளில் கிடந்தன, எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் நோட்டைத் திறந்து அன்றைய தேதிக்கு நேரே எழுதினேன்: 'நடந்தது. நான்தான் தூண்டினேன். அடி அவள்மேல்.' மூன்று வருடமாக நான் கேட்ட கேள்வி, என்னை அடிப்பாரா என்பதுதான். அவளை அடிப்பாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கு ஒரு பத்தியே போடவில்லை நான்.

கடலூரிலேயே வழக்குப் போட்டோம். அவர் எங்கள் பக்கம் வரக் கூடாது, மகள் என்னோடு இருக்க வேண்டும், இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. மகள் தனக்கு வேண்டும் என்று அவரும் மனுப் போட்டார். என் வக்கீலம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துக் குதூகலித்துவிட்டார். "ரெண்டு வருஷம், நாள் தவறாம! இதைவிட சாட்சி வேணுமா?" என்றார். கடைசிப் பக்கம் வந்ததும் குரல் இறங்கியது.

"மேடம், இந்த ஒரு வரி இருந்தா பொண்ணை அவுங்க கொண்டு போயிடுவாங்க. நீங்க தூண்டி வுட்டுத்தான் கொழந்தைக்கு அடின்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இந்தப் பக்கம் வேணாம்."

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையலை ஒட்டி வைத்து அழுத்தவும் செய்தேன். அந்தத் தாளை எடுத்தால் அதோடு தைத்திருக்கும் எதிர்த்தாளும் கழன்று வரும், அதில் என் மணிக்கட்டில் அவர் இரண்டாம் முறை கைவைத்த நாள் இருந்தது. அதையும் இழக்க வேண்டும். ஆனால் கையை நிறுத்தியது அது இல்லை. மகள் நெற்றித் தழும்போடு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாங்கிய அடியை நடக்கவே இல்லை என்று ஆக்க எனக்கு மனம் வரவில்லை. நோட்டு முழுசாகவே கோர்ட்டுக்குப் போனது.

விசாரணை அன்று அவர் வெள்ளைச் சட்டையில், திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். கையில் என் பல் தடம் ஆறியிருந்தது. அவருடைய வக்கீல் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"காலையில தொண்ணூறுன்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சும் ஏம்மா வீட்டுல இருந்தீங்க? அது போகட்டும். நீங்களே எதுக்குத் தூண்டுனீங்க?"

முதல் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். குழந்தையோடு எங்கே போவேன் ஐயா என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். கூண்டில் நின்றபோது அது வாயில் வரவில்லை. "சரியா வரணும்னுதான்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் தன் வக்கீலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் வக்கீலம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். மகள் கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். மகளைத் தனியாகத் தன் அறைக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் நோட்டு விரிந்து கிடந்தது.

"தப்பாப் போன நாளுக்கெல்லாம் காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க" என்றார். "ஒங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லும்மா."

மகள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தேதிமேல் விரலை வைத்தாள். "இது மண்புழு." பக்கத்தைப் புரட்டினாள். "இது பூவோட பாகம். இன்னிக்கு அப்பா மொகம் சரியில்லன்னு காலையிலயே பாத்தேன், அதான் கண்ணு வரையச் சொன்னேன். இது பல்லு. இது மறுபடியும் மண்புழு, மொத நோட்டு தொலைஞ்சிடுச்சுன்னு பொய் சொன்னேன்." விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. என் பிழைகள் அத்தனைமேலும் நகர்ந்தது. "டீச்சர் படம் எதுவும் கேக்கலம்மா. வரைய ஆரம்பிச்சா அப்பாவுக்குக் கோவம் போயிடும். அதுக்குத்தான்."

அந்த அறையில் நான் வாய்விட்டு அழுதேன். பொண்ணு உங்ககூட இருக்கட்டும், அவர் பக்கத்திலேயே வரக் கூடாதுன்னு எழுதிடறேன் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். அதற்கு மேல் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே கேட்காததை மகள் அங்கே கேட்டாள்.

"அன்னிக்கும் ஒக்கார வச்சிட்டேம்மா. இருதயம் பாதி வரைஞ்சிட்டாரு. சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு. நீ ஏம்மா வந்த?"

அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"காலையில நோட்டுல தொண்ணூறு போட்டிருந்தேன்."

அவள் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"இனிமே போடாதம்மா" என்றாள்.